விதைப் பயறைக் காக்கும் தாவர எண்ணெய்கள்

திருக்கோவிலூர்ப் பக்கத்தில் உளுந்து, துவரை, பச்சைப்பயறு ஆகியவற்றைச் சாகுபடி செய்யும் குடியானவர்கள் அடுத்த போகத்திற்கென்று எடுத்து வைக்கும் விதை, விதைப்புக் காலத்தில் துளை விழுந்து மாவாகி நிற்பதை அடிக்கடி காண்கிறார்கள். இச்சேதத்திற்கு அஞ்சிச் சிலர் நச்சுவாயு மாத்திரைகளைக் குடியிருக்கும் வீட்டிலேயே வைத்து விடுகின்றனர். இது வீட்டிலுள்ளோர் உயிருக்கே அபாயமானது. கைக்கெட்டும் எண்ணெயைக் கொண்டே இச்சேதத்தைத் தடுக்கும் வழியை ஈண்டு விவரிப்போம்.

வண்டின் இயல்பு

பயறு வண்டு வயலிலேயே முற்றிய காய்களின் மீது முட்டையிடத் தொடங்கிக் களஞ்சியம் வரை உடன் வருகின்றது. பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் வெண்ணிறப் புள்ளிகளே அதன் முட்டைகள். ஒரு பெண் வண்டு ஏறக்குறைய நூறு முட்டைகள் இடும். புழு தோலைத் துளைத்து உட்சென்று பருப்பைத் தின்று, சுமார் ஒரு மாதத்தில் வண்டாகி வட்டமான துளை வழியே வெளிவரும். முளைக்கருவும் தின்னப்படுவதால் அவ்விதை முளைப்பதில்லை.

இருவகை எண்ணெய்கள்

தாவர எண்ணெய்கள் இருவகைப்படும். நொச்சி, துளசி, வசம்பு, எலுமிச்சைப்புல், தைலமரம் ஆகியவற்றிலுள்ளவை ஆவியாகும் வாசனைத் தைலங்கள். இவற்றின் ஆவி பூச்சிகளின் நரம்புகளைத் தாக்கி அவற்றை விரட்டும். ஆயினும் வெட்டவெளியில் விரைவில் பறந்து போவதால், மூடிய கலங்களிலேயே இவை மிகுந்த பயன் தரும். நிழலில் உலர்த்திய நொச்சியிலையைத் தானியத்திற்கிடையே பரப்பும் நம் முன்னோர் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது. வேம்பு, புங்கம், எள், நிலக்கடலை ஆகியவற்றின் எண்ணெய்களோ ஆவியாகாமல் பருப்பின் மேல் படலமாக நின்று, முட்டைக்குக் காற்றுப் புகாமல் அடைத்து அழிக்கின்றன.

செய்முறை

பயறைப் பல்லிடையே வைத்துக் கடித்தால் 'சடக்'கென்று உடையும் வரை வெயிலில் காய வைத்து ஆற விட வேண்டும். பின் கிலோ ஒன்றுக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர் எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தெளித்து, எல்லாப் பருப்பின் மேலும் பளபளப்பு ஏறும்படி கையால் பிசறி, உலர்ந்த தகரத்தில் இறுக மூடி வைக்க வேண்டும். விதைக்கு வேப்பெண்ணெய் ஏற்றது. அது கசக்குமாதலால் சமையலுக்குரிய பயறுக்கு நல்லெண்ணெய் அல்லது கடலையெண்ணெயே தகும். வசம்புத் தூளை விதைக்கு மட்டுமே சேர்க்க வேண்டும். அதிலுள்ள ஒரு பொருள் உடலுக்குக் கேடு தரத்தக்கதென்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறது.

உள்ளே புகுந்துவிட்ட புழுவை எண்ணெய் கொல்லாது. ஆகையால் துளை கண்ட பிறகு பூசுவது வீண். அறுவடையாகிக் காய்ந்தவுடனே இதைச் செய்துவிட வேண்டும்.

வயலில் வேம்பு

1962-இல் டில்லியில் நடந்த ஆராய்ச்சியில், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த இலையை வெட்டுக்கிளிகளும் தின்ன மறுத்தமை கண்டறியப்பட்டது. அதற்கு முக்கிய காரணமான அசாடிராக்டின் என்னும் பொருள் 1968-இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊற வைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து 200 லிட்டராக்கித் தெளித்தால் இலைச்சுருட்டுப் புழு, புகையான் ஆகியவை குறையும். வெயிலில் இதன் வீரியம் கெடுமாதலால் மாலை வேளையே தக்கது. பூச்சிகள் உடனே செத்து விழுமென்று எதிர்பார்க்கலாகாது. அவை தின்னாமலும் வளர்ச்சி குன்றியும் நாளடைவில் ஒழியும். ஆதலால் பூச்சி சொற்பமாயிருக்கும்போதே தெளிப்பது உத்தமம்.

ஆனி, ஆடி மாதங்களில் வேப்பம்பழங்கள் சாலையோரங்களில் உதிர்ந்து வீணாகின்றன. கிராம அதிகாரிகள் அவற்றைச் சேகரித்து நிழலில் உலர்த்தி வைக்கும்படி ஊராரைத் தூண்டுவார்களாயின், மருந்துச் செலவு குறைவதோடு அடுத்த போகத்து விதையும் அவரவர் வீட்டிலேயே பழுதின்றி நிற்கும்.