ஏலக்காயோடு தைத்த சர்க்கரை

“வயது 68. சுகர் இருக்கிறது. நிமோனியா ஊசி ஒன்று போட்டுக்கொண்டால் ஆயுளுக்கும் நெஞ்சுச் சளி அண்டாது என்கிறார்களே, உண்மையா?” என்று சின்னமனூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அப்படி ஓர் ஊசி உலகத்தில் இல்லை. வைரஸ், பாக்டீரியா என்று எத்தனையோ கிருமிகள் நிமோனியாவைக் கொண்டுவரும். இந்த ஊசி குறிவைப்பது அவற்றில் நிமோகாக்கஸ் என்ற ஒன்றை மட்டும்தான். ஆனாலும் அவர் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் பதில். ஏன் என்று விளக்கப் போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலம் வரை போய்வர வேண்டியிருக்கிறது.

நிமோகாக்கஸைச் சுற்றி வழுவழுப்பான உறை ஒன்று உண்டு. சர்க்கரை மூலக்கூறுகளை நீளநீளமாகக் கோத்த சங்கிலிகளால் ஆன உறை. வெள்ளணு விழுங்க வந்தால் பிடி கிடைக்காமல் வழுக்கிவிடும். உறைமேல் ஆன்டிபாடி ஒட்டினால்தான் பிடி கிடைக்கும். சங்கிலியின் அமைப்பு வகைக்கு வகை மாறுகிறது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் தெரியவந்துள்ளன.

ஆன்டிபாடியைச் செய்வது பி அணு. அது முழு வீச்சில் செய்யவும், பல வருடம் நினைவில் வைத்திருக்கவும் டி அணுவின் ஒத்தாசை வேண்டும். சிக்கல் இங்கேதான். டி அணு புரதத் துண்டுகளைத்தான் அடையாளம் காணும். வெறும் சர்க்கரையை எத்தனை காட்டினாலும் அதற்குத் தெரியாது.

போடி ஏலத்துக்கு ஒரு விவசாயி சர்க்கரை மூட்டையோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர்தான் பி அணு. கூடியிருக்கும் வியாபாரிகள் டி அணுக்கள். ஏலக்காய் தவிர வேறெதற்கும் அவர்கள் விலை சொல்லமாட்டார்கள். இப்போது யாரோ அந்த மூட்டையோடு ஒரு பை ஏலக்காயைப் பிரிக்க முடியாதபடி சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். விவசாயி தூக்கிவருவது என்னவோ சர்க்கரைக்காகத்தான். வந்த இடத்தில் மூட்டையைப் பிரித்து, ஏலக்காயை மாதிரித் தட்டில் பரப்புகிறார். வியாபாரி ஒரு காயை உரித்துப் பார்க்கிறார், மனசுக்குப் பிடிக்கிறது, முன்பணம் கொடுத்துப் பேரேட்டில் பெயரையும் எழுதிக்கொள்கிறார். விவசாயியோ அந்தப் பணத்தைக் கொண்டு சர்க்கரைத் தொழிலையே பெருக்குகிறார்! அவருடைய வாரிசுகளும் அதே பேரேட்டைக் காட்டிப் பல வருடம் தொழில் நடத்துகிறார்கள். பணம் கிடைத்தது ஏலக்காய்க்கு. பெருகியது சர்க்கரையை அடையாளம் காணும் படை. உடம்பை இவ்வளவு நேர்த்தியாகச் சம்மதிக்க வைக்கும் வித்தை மருத்துவத்தில் வேறு எங்கும் எனக்குத் தென்பட்டதில்லை. இப்படித் தயாராகும் ஊசிக்குப் பிணைப்புத் தடுப்பூசி என்று பெயர். அதில் ஏலக்காயின் இடத்தில் பெரும்பாலும் இருப்பது, தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சிலிருந்து வீரியத்தை நீக்கி எடுத்த ஒரு புரதம்.

வரலாறும் கொஞ்சம் வேண்டும் என்பவர்களுக்கு: 1881இல் பாஸ்டரும் அமெரிக்காவின் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே இந்தக் கிருமியைக் கண்டார்கள். சர்க்கரையைப் புரதத்தோடு பிணைக்கும் யோசனையை 1930ஐ ஒட்டியே ஏவரியும் கோபெல்லும் விலங்குகளில் செய்து காட்டிவிட்டார்கள். பென்சிலின் வந்த தெம்பில் நிமோகாக்கஸ் ஊசியின்மேல் இருந்த அக்கறை மங்கிப்போனது. 23 வகைகளுக்கான வெறும் சர்க்கரை ஊசி 1983இலும், குழந்தைகளுக்கான பிணைப்பு ஊசி 2000த்திலும்தான் வந்தன.

இனி ‘ஆயுளுக்கும் அண்டாது’ என்ற பேச்சுக்கு வருவோம். நெதர்லாந்தில் 65 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 85,000 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2015இல் வெளியானது. ஊசியில் அடங்கிய 13 வகைகளால் வரும் நிமோனியா சுமார் 46 சதவீதம் குறைந்தது. அதே வகைகள் ரத்தம் வரை பரவும் கடுமையான தொற்று 75 சதவீதம் குறைந்தது. விளம்பரம் செய்பவர்கள் இந்த இரண்டையும் பெரிதாகச் சொல்வார்கள். எல்லாக் கிருமிகளாலும் வரும் நிமோனியாவைச் சேர்த்துப் பார்த்தால் குறைந்தது 5 சதவீதம்தான், அதுவும் புள்ளியியல்படி உறுதியாகாதது. மூன்றையும் சேர்த்தே ஒருவர் முடிவெடுக்க வேண்டும். நீரிழிவு உள்ள 68 வயதுக்காரரின் உயிருக்கு உலை வைப்பது அந்த ரத்தத் தொற்றுதான் என்பதால் நான் ஊசியின் பக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் பகலெல்லாம் பாட்டி, தாத்தாவிடம்தான். நிமோகாக்கஸ் அதிகம் குடியிருப்பதோ சின்னக் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும்! 2021 முதல் தமிழ்நாட்டு அரசு ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என்று மூன்று தவணையாகக் குழந்தைகளுக்குப் பிணைப்பு ஊசியை இலவசமாகப் போடுகிறது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இதைத் தொடங்கியபின், ஊசியே போடாத முதியவர்களிடமும் அந்த வகைத் தொற்று குறைந்தது. பேரனுக்குப் போட்ட ஊசியில் பாட்டிக்கும் பங்கு உண்டு. ஆனால் காலியான இடத்தில் வேறு வகைகள் வந்து குடியேறிவிடும். அதனால்தான் 13, 15, 20 என்று ஊசிகள் வகைகளைக் கூட்டிக்கொண்டே போகின்றன.

பெரியவர்களுக்கோ இந்த ஊசி தேசிய இலவசப் பட்டியலில் இல்லை. தனியாரிடம் போட ஆயிரக்கணக்கில் ஆகும். தோட்டக் கூலியில் அது கட்டுப்படியாகாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. யாருக்கு ஊசி முதலில் வேண்டுமோ, அவர்களில் பலரின் பெயர் அந்தத் திட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. நீரிழிவும் நாட்பட்ட இளைப்பும் உள்ள முதியவர்களுக்காவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை இலவசமாகப் போட வேண்டும் என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஃபுளூ ஊசியையும் மறக்க வேண்டாம். ஃபுளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கிவிட்டுப் போகும், பின்னாலேயே நிமோகாக்கஸ் நுழையும். 1918ஆம் வருட ஃபுளூப் பரவலில் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஃபுளூ ஊசியை வருடாவருடம், ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

சின்னமனூர் வாசகருக்கு ஒரு வார்த்தை: 20 வகைப் பிணைப்பு ஊசி என்றால் ஒன்று போதும். 13 அல்லது 15 வகை என்றால், பொதுவாக ஒரு வருடம் கழித்து 23 வகை வெறும் சர்க்கரை ஊசியும் உண்டு. வரிசையை மாற்ற வேண்டாம். வெறும் சர்க்கரை முதலில் போனால், நினைவில் வைக்கவேண்டிய பி அணுக்கள் வாரிசு இல்லாமலே செலவாகிவிடுகின்றன. அடுத்துப் போடும் ஊசிக்கு உடம்பு மந்தமாகவே பதில் சொல்லும். முன்பே ஏதாவது நிமோனியா ஊசி போட்டிருந்தால், எது, எப்போது என்று எழுதிய பழைய சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.