கேட்டால் வராத பாட்டு

டப்ளின் நடைகள் – 9

வெள்ளிக்கிழமை இரவு ஏழரை மணி. டெம்பிள் பாரில் அது நான் நுழைந்த நான்காவது பப். ஒவ்வொரு வாசலிலும் ‘தினமும் நேரடி இசை’ என்று பலகை. உள்ளே ஒரு பையன் கிடாரைத் தழுவிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். நல்ல பாட்டுதான், மேற்கு வர்ஜீனியாவின் மலைப் பாதைகளைப் பற்றியது. ஒரு பைன்ட் கின்னஸுக்குப் பத்து யூரோவை ஒட்டிக் கொடுத்துவிட்டு, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சென்ற வாரம் தபால் நிலையத் தூண்களில் 1916-ன் குண்டுத் தழும்புகளைத் தொட்டுப் பார்த்ததோடு நிறுத்தியிருந்தேன். கல்லில் இருப்பதைப் பார்த்தாயிற்று, வாயில் இருப்பதைக் கேட்க வேண்டாமா என்று கிளம்பியதுதான் இந்த அலைச்சல். எனக்கு வேண்டியது கலகப் பாட்டு. ‘ரெபெல் சாங்’ என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1798, 1803, 1848, 1867, 1916 என்று அயர்லாந்து ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தபோதெல்லாம் அடிபட்டு விழுந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கட்டுப் பாட்டு மிஞ்சியது.

கின்னஸ் ஊற்றிய பெண்ணிடம் விசாரித்தேன். முக்கால் கிளாஸ் நிரப்பி, நுரை அடங்கட்டும் என்று ஓரமாக வைத்துவிட்டு, “பத்தரைக்கு மேலே ‘கிரேஸ்’ பாடுவாங்க. அதுக்கு மேலே இங்கே எதிர்பார்க்காதீங்க” என்றாள்.

பத்தரைக்குச் சொன்னபடி ‘கிரேஸ்’ வந்தது. செல்போன் விளக்குகள் எரிந்தன. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு கல்யாணக் கோஷ்டி கண்ணைத் துடைத்துக்கொண்டது. கதை அப்படி. 1916 மே 3-ம் தேதி இரவு கில்மைனம் சிறைக்குள் இருக்கும் தேவாலயத்தில் கிரேஸ் கிஃபர்டுக்கும் எழுச்சித் தலைவர்களில் ஒருவரான ஜோசப் பிளங்கெட்டுக்கும் திருமணம். விடிந்ததும் மாப்பிள்ளையைச் சுட்டுக் கொன்றார்கள். பாட்டு எழுதப்பட்டது 1985-ல்தான். மெட்டைக் கேட்டால் நூறு வருடப் பழசு என்று தோன்றும்.

எனக்கு அந்தப் பாட்டின்மேல் ஒரு மனக்குறை உண்டு. கிரேஸ் அந்தச் சிறைக் கோயிலிலேயே அழுதுகொண்டு நின்றுவிடுகிறார். நிஜ கிரேஸ் கேலிச்சித்திரம் வரைந்து பிழைத்தவர். 1923-ல், உள்நாட்டுப் போரின்போது, புதிய ஐரிஷ் அரசே அவரை அதே கில்மைனம் சிறையில் அடைத்தது. அறைச் சுவரில் கன்னி மரியாளையும் குழந்தையையும் வரைந்தார். மறுமணம் செய்துகொள்ளாமல் 1955 வரை வாழ்ந்தார். அந்த 39 வருடங்களுக்குப் பாட்டில் இடமில்லை. வெள்ளைக்காரன் சிறையில் நடந்ததைப் பாடலாம். சொந்த அரசின் சிறையில் நடந்ததைப் பாடினால் கூட்டம் கைதட்டாது.

வெளியே வந்து டாக்சி பிடித்தேன். ஓட்டுநருக்கு அறுபது தாண்டியிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“வுல்ஃப் டோன்ஸ் மாதிரி வேணுமா, எங்க அப்பா பாடின மாதிரி வேணுமா?”

நல்ல கேள்வி. வுல்ஃப் டோன்ஸ் 1963-ல் டப்ளினில் உருவான குழு. 1798 எழுச்சியின் தலைவர் வுல்ஃப் டோன் பெயரைத் தாங்கியது. அவர்கள் பாடிய ‘எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்’ பாட்டை எழுதியவர் தாமஸ் டேவிஸ். நண்பர்களோடு சேர்ந்து 1842-ல் ‘தி நேஷன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கி, முப்பது வயதில் இறந்துபோனவர். அதுவும் நீங்கள் கையில் வைத்திருப்பதைப் போன்ற ஒரு வாரப் பத்திரிகைதான். கட்டுரை எழுதினால் படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் பாட்டு எழுதினால் படிக்கத் தெரியாதவன் வாய்க்கும் போய்விடும் என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். பத்திரிகை செத்துப் பல காலம் ஆயிற்று. பாட்டு மட்டும் 2002-ல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகின் தலைசிறந்த பாட்டாக முதலிடம் பெற்றது. இரண்டாவது ‘வந்தே மாதரம்’. நான்காவது நம் இளையராஜாவின் ‘ராக்கம்மா கையத்தட்டு’. ஐந்தாவதும் ஒரு தமிழ்ப் பாட்டே. யார் எத்தனை முறை பொத்தானை அழுத்தினார்கள் என்ற ஆராய்ச்சிக்குள் போகவேண்டாம். அப்படி அழுத்தும் பழக்கத்தில் நாமும் ஐரிஷ்காரர்களும் பங்காளிகள்.

வுல்ஃப் டோன்ஸை வானொலியில் கேட்பது பல காலம் அரிதாக இருந்தது. வட அயர்லாந்தில் துப்பாக்கிகள் பேசிய காலம் அது. ஒலிபரப்புச் சட்டத்தின் 31-வது பிரிவின்படி 1971-ல் அரசு ஓர் ஆணை போட்டது. பின்னால் அது இறுகி, ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் குடியரசுப் படையின் அரசியல் முகமான சின் ஃபெய்ன் கட்சிக்காரர்களின் குரலே காற்றில் வராமல் ஆயிற்று. 1994 ஜனவரியில்தான் அது போனது. பேட்டிக்குத்தான் தடை, ஆனால் எதற்கு வம்பு என்று கலகப் பாட்டிலிருந்தும் வானொலிக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுக்கப்பட்ட பாட்டு பப்பில் குடியேறியது.

“அப்பா பாடின மாதிரி” என்றேன்.

“அப்ப ஸ்மித்ஃபீல்டு.”

லிஃபி ஆற்றுக்கு வடக்கே பழைய குதிரைச் சந்தைத் திடல் ஸ்மித்ஃபீல்டு. அதன் தலைமாட்டில், நார்த் கிங் தெருவில் இருக்கிறது காபிள்ஸ்டோன். ‘இது இசைக் கோளாறு உள்ள குடிக்கூடம்’ என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் பப். 2021-ல் அந்த இடத்தில் ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தபோது, இசைக்காரர்கள் வாத்தியங்களோடு தெருவில் ஊர்வலம் போனார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்தது.

உள்ளே மூலையில் ஏழெட்டுப் பேர். ஃபிடில், புல்லாங்குழல், பேன்ஜோ, ஆட்டுத்தோல் போர்த்திய பௌரான் என்ற தட்டுப் பறை, அக்குளில் துருத்தியை இடுக்கி ஊதும் இல்லென் பைப். இதற்குச் ‘செஷன்’ என்று பெயர். மைக் கிடையாது, மேடை கிடையாது. ஒருவர் ஒரு மெட்டை எடுப்பார்; தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள்; மூன்று மெட்டுகளை இடைவெளி விடாமல் கோத்து வாசித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கிளாஸை எடுப்பார்கள். ஒரு வார்த்தை பாட்டு இல்லை. கலகப் பாட்டு உண்டா என்று பேன்ஜோக்காரரிடம் கேட்டுவைத்தேன். கச்சேரியில் வித்வானிடம் சினிமாப் பாட்டுக் கேட்டவனை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் முழங்கையைத் தொட்டார். துறைமுகத்தில் மூட்டை இறக்கி ஓய்வு பெற்றவராம்.

“செஷன்ல பாட்டு கேட்கக் கூடாது, தம்பி. அது தப்பு. நீங்க உட்கார்ந்திருக்கிற தெரு எதுன்னு தெரியுமா?”

தெரியாது. அவர் சொல்லித்தான் தெரிந்தது. 1916 எழுச்சியின் கடைசி நாட்களில் இதே நார்த் கிங் தெருவில் பிரிட்டிஷ் படையினர் வீடு வீடாகப் புகுந்து, ஆயுதம் இல்லாத பதினைந்து பேரைக் கொன்றார்கள். கொஞ்சம் கிழக்கே, சர்ச் தெருத் திருப்பத்தில் ஒரு ரொட்டிக்கடை இருந்தது. 1920 செப்டம்பர் 20 காலையில் ரொட்டி வாங்க வந்த ராணுவ லாரியை ஐ.ஆர்.ஏ. இளைஞர்கள் வளைத்தார்கள். ஒருவனுடைய துப்பாக்கி சிக்கிக்கொண்டது. லாரிக்கு அடியில் ஒளிந்து பிடிபட்டான். பெயர் கெவின் பேரி, மருத்துவ மாணவன், வயது 18. நவம்பர் முதல் தேதி மவுன்ட்ஜாய் சிறையில் தூக்கிலிட்டார்கள். அவன்மேல் எழுந்த பாட்டை யார் எழுதியது என்று தெரியாது, மெட்டு கப்பல்காரர்களுடையது. அமெரிக்காவில் பால் ராப்சன்கூடப் பாடியிருக்கிறார். அந்தத் தாக்குதலில் செத்த மூன்று சிப்பாய்களும் இளைஞர்கள்தான். அவர்கள் பாட்டில் இல்லை, ரொட்டியும் இல்லை.

மேற்கே நடந்தால் சில நிமிடங்களில் ஆர்பர் ஹில். கில்மைனத்தில் சுடப்பட்ட 1916 தலைவர்கள் பதினான்கு பேரை ஒரே குழியில் போட்டு, மேலே சுட்ட சுண்ணாம்பைக் கொட்டி மூடிய இடம். உடல் மிஞ்சினால் சவ ஊர்வலம், ஊர்வலம் என்றால் கூட்டம், கூட்டம் என்றால் பாட்டு. அதற்குப் பயந்து செய்தது. பாட்டு எப்படியும் வந்துவிட்டது.

“வாங்க” என்று எழுந்தார் பெரியவர். இரண்டு தெரு தள்ளி இன்னொரு பப்புக்குக் கூட்டிப்போனார். பெயரை எழுதக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. எழுதினால் அடுத்த மாதமே டெம்பிள் பார் இங்கே வந்துவிடுமாம்.

பின்னறையில் இருபது பேர் இருப்பார்கள். வாத்தியம் ஒன்றுமில்லை. திடீரென்று யாரோ “விஷ்ட்!” என்றார். ‘உஷ்’ என்பதற்கு இந்த ஊர்ச் சொல். கிளாஸ் சத்தம்கூட நின்றது. ஒரு பெண்மணி நாற்காலியை விட்டு எழாமலே, கண்ணை மூடிக்கொண்டு, துணைக்கு ஒரு சுருதிகூட இல்லாமல் ‘கெவின் பேரி’ பாடினார். வானொலியில் நான் கேட்ட வேகத்தில் பாதி. யாரும் கைதட்டித் தாளம் போடவில்லை. கடைசி வரியைப் பாடாமல், பேசுகிற குரலில் சொல்லி முடித்தார். பாட்டு முடிந்தது என்பதற்கு அதுதான் இங்கே அடையாளமாம்.

பாடி முடித்தவருக்கு ஓர் உரிமை உண்டு. அடுத்தது யார் பாடவேண்டும் என்று அவர் கைகாட்டலாம். ‘நோபிள் கால்’ என்பார்கள். கைகாட்டப்பட்டவர் மறுக்கக்கூடாது. அந்த முறையில் ‘தி பேட்ரியட் கேம்’ வந்தது. 1957 புத்தாண்டு நாளில் எல்லைக்கு அப்பால், வட அயர்லாந்தில், ஒரு போலீஸ் நிலையத்தைத் தாக்கப்போய் இறந்த இளைஞன் ஃபெர்கல் ஓ’ஹான்லனைப் பற்றி டாமினிக் பீயன் எழுதியது. பீயன் குடும்பத்தைப் பற்றித் தனி வாரமே எழுதலாம். தாய்மாமன் பீடர் கர்னி எழுதியதுதான் நாட்டின் தேசிய கீதம். மருமகன் டாமினிக் எழுதிய ‘கம் அவுட் யீ பிளாக் அண்ட் டான்ஸ்’, குடித்துவிட்டு வீடு திரும்பும் அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களைச் சண்டைக்கு இழுக்கும் பாட்டு. 2020-ல், பிளாக் அண்ட் டான்ஸையும் உள்ளடக்கியிருந்த ஆங்கிலேயர் காலத்துப் போலீஸுக்கு அரசு நினைவு நிகழ்ச்சி வைக்கப்போய் ஊர் கொதித்தபோது, ஜனங்கள் அந்தப் பாட்டை ஐடியூன்ஸில் காசு கொடுத்து வாங்கி முதலிடத்துக்கு ஏற்றினார்கள். நிகழ்ச்சி தள்ளிப்போடப்பட்டது.

பிறகு நோபிள் கால் ஓர் இளைஞனிடம் போனது. அவன் எடுத்தது எண்பதுகளின் பாட்டு ஒன்று, ஐ.ஆர்.ஏ.வுக்கு ஜே போடும் வகை. முதல் அடியிலேயே, ‘கெவின் பேரி’ பாடிய பெண்மணி எழுந்து சிகரெட் பெட்டியோடு வெளியே போனார். அவர் பிறந்த ஊர் வடக்கே ஆர்மா பக்கம் என்று பெரியவர் என் காதில் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை. பாட்டு முடிந்து ஐந்து நிமிடம் கழித்து அவர் வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த ஊர் இன்னும் தீர்த்துக்கொள்ளாத வழக்கு இதுதான். 1920-ல் துப்பாக்கி எடுத்தவன் பாடப்புத்தகத்தில் இருக்கிறான். 1972-ல் எடுத்தவனைப் பற்றி வாய் திறந்தால் மேஜை இரண்டாகிறது. வடக்கே துப்பாக்கிகள் பேசிய முப்பது வருடத்தில் செத்தவர்கள் 3,500-க்கும் மேல். 2022 அக்டோபரில் ஸ்காட்லாந்தை வென்று முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஐரிஷ் பெண்கள் கால்பந்து அணி, உடைமாற்றும் அறையில் வுல்ஃப் டோன்ஸின் அந்த மாதிரிப் பாட்டு ஒன்றின் ஒரு வரியைப் பாடிக் குதித்தது. மன்னிப்புக் கேட்டார்கள், யூஇஎஃப்ஏ 20,000 யூரோ அபராதம் போட்டது. அடுத்த வருடம் ‘எலெக்ட்ரிக் பிக்னிக்’ விழாவில் வுல்ஃப் டோன்ஸ் பாடியபோது கூடாரம் கொள்ளாமல் கூட்டம் வெளியே வழிந்தது. வழிந்ததில் பல, சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான 1998-க்குப் பிறகு பிறந்த முகங்கள். அவர்களுக்கு அது வெறும் குதிக்கிற பாட்டு என்கிறார்கள். இருக்கலாம். ஆர்மாக்காரப் பெண்மணிக்கு அப்படி இல்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார முடிகிறது என்பதை மட்டும் நான் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்து வாசல் கதவைச் சாத்தினார்கள். கிளாஸில் இருப்பதைக் குடித்து முடிக்க அரை மணி நேரம். அப்போதுதான் பெரியவர் முறை வந்தது. பாடினார். பாடி முடித்து, கையை என் பக்கம் நீட்டினார்.

“உங்க ஊர்க் கலகப் பாட்டு ஒண்ணு.”

தொண்டை வறண்டது. மறுக்கக்கூடாது. என்ன யோசித்தும் பள்ளிக்கூடத்தில் ஓதுவார் சொல்லிக்கொடுத்ததுதான் நாக்கில் வந்து நின்றது: அப்பரின் மறுமாற்றத் திருத்தாண்டகம். சுருதி எங்கோ, நான் எங்கோ. நான்கு வரியை எப்படியோ கரையேற்றி, கடைசிச் சொல்லை இந்த ஊர் வழக்கப்படி பேசி முடித்தேன்.

“என்ன சொல்லுது?” என்றார்.

“ராஜா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வரமுடியாதுன்னு சொல்ற பாட்டு.”

“இங்கிலீஷ் ராஜாவா?”

“இல்லை, எங்க ராஜாதான். ஏறக்குறைய 1,400 வருஷம் ஆகுது.”

“அவரை என்ன பண்ணினாங்க?”

“சுண்ணாம்புக் காளவாயில போட்டாங்க. ஏழு நாள் கழிச்சுத் திறந்தா, உயிரோட உட்கார்ந்திருந்தார்.”

பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மேற்குப் பக்கச் சுவரைப் பார்த்தார்.

“எங்க ஆளுங்க பதினாலு பேர் இன்னும் வெளியே வரலை” என்றார். “சரி, கையைக் காட்டுங்க. அடுத்தது யாரு?”

(தொடரும்)