காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: சென்சார் மாற்றும் முன் கவனியுங்கள்

மேஜை மீது இருப்பது மட்டும்தான் உங்கள் கம்ப்யூட்டர் என்று நினைக்கிறீர்களா? வீட்டில் பெட்ரோல் கார் இருந்தால் அதற்குள்ளும் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் இ.சி.யு. நம் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு, மவுஸ் போல இதற்குத் தகவல் தருபவை சென்சார்கள். எஞ்சினின் சூடு, உள்ளே போகும் காற்று, புகையில் மிஞ்சும் ஆக்சிஜன் ஆகியவற்றை அவை சொல்ல, எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று இ.சி.யு. முடிவு செய்கிறது. தகவல் தவறாக வந்தால் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட விளக்கு எரியும்.

என் காரில் சிறிய சென்சார் வேலைகளை நானே செய்கிறேன். மென்பொருள் எழுதுபவனுக்கு இது பழகிய வேலைதான். எர்ரர் மெசேஜைப் படித்துக் காரணத்தைத் தேட வேண்டும், அவ்வளவே.

எர்ரரைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், இந்தியாவில் 2013 முதல் பி.எஸ்.4 கார்களிலும் ஓ.பி.டி.2 என்ற வசதி கட்டாயமானது. ஸ்டியரிங் பக்கம் டாஷ்போர்டின் அடியில் 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் இ.எல்.எம்.327 வகை புளூடூத் அடாப்டரைச் செருகி, செல்போனில் அதற்கான மென்பொருளைத் திறந்தால் எர்ரர் எண் தெரியும். அழிப்பதற்கு முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் சொல்வது என்ன?

உதாரணமாக பி0118 என்று வந்தால், கூலன்ட் சூட்டைச் சொல்லும் சென்சாரின் சர்க்யூட்டில் மின்னழுத்தம் அதிகம் என்று பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை! 'பிரிண்டர் இல்லை' என்று விண்டோஸ் சொன்னால் புதுப் பிரிண்டர் வாங்கவா ஓடுகிறோம்? முதலில் கேபிளைத்தானே பார்க்கிறோம்?

இந்தச் சென்சார், சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. ஒயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ தடை எல்லையற்றதாகிவிடும். அதைக் கடுங்குளிர் என்று இ.சி.யு. எடுத்துக்கொள்ளும். அப்போது சென்னை வெயிலிலும் திரையில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும்.

செய்ய வேண்டியவை

1. இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் சாவியை 'ஆன்' நிலையில் மட்டும் வைத்து, கூலன்ட் சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

2. வேறுபட்டால் சாவியை அணைத்து, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. மல்டிமீட்டரில் சென்சாரின் தடையை அளந்து, உங்கள் கார் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

4. அளவு தவறாக இருந்தால் மட்டும் புதிய சென்சார் வாங்குங்கள். எஞ்சின் முழுதும் ஆறிய பிறகே கழற்றவும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

5. மாற்றியபின் குறைந்த கூலன்ட்டை நிரப்பி, கசிவு பார்த்து, எர்ரரை அழியுங்கள். மீண்டும் வந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். வண்டியை ஓரம் கட்டி மெக்கானிக்கை அழையுங்கள். ஏர்பேக், பிரேக் இரண்டிலும் வீட்டில் கை வைக்காதீர்கள்.