கென்யப் பயணம்: முன்கூட்டியே மூன்று ஏற்பாடுகள்

ஆண்டுதோறும் ஜூலை முதல் அக்டோபர் வரை, தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் விலங்குகள் பெருங்கூட்டமாக மாரா ஆற்றைக் கடந்து கென்யாவின் மாசாய் மாராவுக்கு வருகின்றன. அக்காட்சியைக் காண விரும்பும் வாடிக்கையாளர்கள், விமானச்சீட்டு வாங்கும்போதே மூன்று ஏற்பாடுகளைத் தொடங்கிவிடுதல் நலம்.

முதலாவது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோர் இதற்கான சான்றிதழைக் காட்டியாக வேண்டும். இல்லையெனில் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்பட நேரிடும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இத்தடுப்பூசி போடப்படுகிறது. போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். 60 வயதைக் கடந்தோர் முன்னதாக மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

இரண்டாவது, வங்கி அட்டை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே செயல்படுத்தி, உச்சவரம்பையும் நிர்ணயித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ரொக்கம். ஒரு பயணத்திற்கு 3,000 டாலர் வரை நோட்டுகளாக எடுத்துச் செல்லலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் பழைய டாலர் நோட்டுகளையும் கிழிந்தவற்றையும் பலர் ஏற்பதில்லை; ஆகவே புதிய நோட்டுகளைக் கேட்டுப் பெறுங்கள். திரும்பியபின் 2,000 டாலர் வரை கையில் வைத்திருக்கலாம்; எஞ்சியதை 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

தடுப்பூசிச் சான்றிதழைக் கடவுச்சீட்டுடன் சேர்த்துக் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டிகள் வந்துசேரும் முன்பே அது கேட்கப்படும்.