நுரைக்கும் வித்துக்கள்

எண்ணெய் முழுக்கு எம்மவர் வாழ்வில் நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம். சவர்க்காரம் வருமுன்னர் தலையிலுள்ள எண்ணெயைப் போக்க முன்னோர் கைக்கொண்ட பொருள்களுள் அரப்பு சிறப்புடையது. இலுப்பை வித்தைச் செக்கிலிட்டு எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கே அது. ஈமக் கிரியையில் எண்ணெயும் அரப்பும் வைக்கும் வழக்கு இன்றும் மறைந்திலது. நீரிற் கரைத்ததும் அரப்பு நுரைப்பது ஏன்? அந்நுரையைத் தரும் பொருளுக்கும், மேனாட்டு மருந்துக் கடைகளிற் கால் வீக்கத்திற்கு விற்கப்படும் குளிகைக்கும் உறவு உண்டு. அவ்வுறவையும் அதன் எல்லையையும் விளக்குவதே எமது நோக்கம்.

நுரைக்குக் காரணமான பொருட்கூட்டத்தைச் சப்போனின் என்பர் இரசாயன நூலார். சப்போனின் மூலக்கூறு ஒவ்வொன்றும் இருதன்மை உடையது. ஒரு பாகம் கொழுப்பை நாடுவது; இலுப்பையில் அது முப்பது காபன் அணுக்களாலான வளையக் கட்டு. மற்றப் பாகம் நீரை நாடும் சர்க்கரைத் தொடர். ஒரு முனை எண்ணெயைப் பற்ற, மறுமுனை நீரைப் பற்ற, அழுக்கு நீரோடு கழிகின்றது. பொற்கொல்லர் நகை துலக்கும் பூவந்திக் கொட்டையின் தோலிலும் இச்சப்போனினே தொழிற்படுகின்றது.

பூவந்தியின் குடும்பத்திலேயே இன்றைய தாவரவியலார் சேர்த்துள்ள ஒரு மரம் குதிரைக் கஷ்கொட்டை. போல்கன் மலைநாடு அதன் தாயகம். குதிரைகளின் மூச்சு நோய்க்குத் துருக்கர் அதன் வித்தைக் கொடுத்தமையாற் பெயர் வந்ததென்பர். அவ்வித்திலுள்ள சப்போனின் கலவைக்கு ஏசின் என்று பெயர். இதுவும் முப்பது காபன் கட்டும் சர்க்கரையும் இணைந்ததே.

காலில் ஓடும் குருதி இதயத்துக்கு மேல்நோக்கி ஏறவேண்டும். நாளங்களின் உள்ளே உள்ள வால்வுகள் தளர்ந்தால் குருதி தேங்கும். நாளம் புடைத்துச் சுருளும். நீர் வெளிக்கசிந்து கணுக்கால் வீங்கும். நாள் முழுதும் நின்று தொழில் செய்வோரிடம் இந்நோய் மிகுதி. வகுப்பறையில் நிற்கும் எம் போன்ற ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். ஏசின் நுண்குழாய்களின் கசிவைக் குறைத்து நாளச் சுவரை இறுக்குகின்றது. 1996 இல் லான்செற் இதழில் வெளிவந்த ஆய்வொன்றில் 240 நோயாளர் 12 வாரம் சோதிக்கப்பட்டனர். நாளொன்றுக்கு இருமுறை 50 மில்லிகிராம் ஏசின் உண்டோருக்கும், இறுக்கக் காலுறை அணிந்தோருக்கும் வீக்கம் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைந்தது. 17 சோதனைகளை ஒருங்கு நோக்கிய 2012 ஆம் ஆண்டு கொக்ரேன் மதிப்பீடும், குறுகிய காலப் பயன் உண்டு என்றே முடிவு கூறியது. நீண்ட காலப் பயனை அது நிறுவவில்லை.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். சப்போனின் நேரே குருதியிற் கலந்தாற் சிவப்பணுக்களை உடைக்கும். அவற்றின் மென்சவ்விலுள்ள கொலஸ்தரோலைப் பற்றித் துளையிடுவதே காரணம். உண்ணும்போது குடல் அதைச் சிறிதளவே உறிஞ்சுவதால் மனிதர் ஓரளவு தப்புகின்றனர். மீனுக்கு அக்காப்பு இல்லை; செவுளின் மெல்லிய தோலில் நஞ்சு நேரே தாக்குகின்றது. மீன்வளர்ப்புக் குளங்களில் வேண்டாத மீன்களை அழிக்க இந்தியாவில் இலுப்பைப் பிண்ணாக்கை இடுவது இதுபற்றியே. களப்பை நம்பி வாழும் குருநகர் மக்களுக்கு இதன் பொருள் விளங்கும். நஞ்சு பெருமீனையும் குஞ்சையும் வேறுபிரித்து அறியாது. இன்றைய பிடிக்காக நாளைய விளைவையும் அழித்துவிடும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் நஞ்சிட்டு மீன் பிடிப்பதைத் தடை செய்திருப்பது நியாயமே.

ஆகவே, இரண்டும் சப்போனின் என்பதனால் இரண்டும் ஒரே மருந்தாகா. வளையக் கட்டிலும் சர்க்கரையிலும் உள்ள சிறு வேறுபாடு குணத்தைப் பெரிதும் மாற்றும். இலுப்பைப் பிண்ணாக்கு உட்சென்றால் வாந்தியை உண்டாக்கும். அதைக் கால் நோய்க்குக் காய்ச்சிக் குடித்தல் பெருந்தவறு. குதிரைக் கஷ்கொட்டையும் பச்சையாக உண்ணத்தக்கதன்று. எஸ்குலின் முதலிய நச்சுப் பொருள்கள் அதில் உள்ளன. அவற்றை நீக்கி, ஏசினின் அளவை வரையறுத்த வடிசாறே மருந்து.

யேர்மனியிலும் இலண்டனிலும் வாழும் உறவினர் அன்பினால் இக்குளிகைகளை அனுப்புகின்றனர். அன்பு வைத்தியரின் ஆலோசனைக்கு ஈடாகாது. சிறுநீரக நோயுடையோரும், குருதி உறைவைத் தடுக்கும் மருந்துண்போரும், கருவுற்ற மகளிரும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடலாகாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோவுமாயின் உள்ளே குருதி உறைந்திருக்கலாம். அப்போது குளிகையைத் தேடாது உடனே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.

மேனாட்டு வைத்திய அறிவை மானிப்பாயிலிருந்து தமிழிற் புகட்டியவர் கிறீன் வைத்தியர். அவர் முயற்சியால் 1875 இல் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் வெளிவந்தது. அத்தகைய மண்ணில் அறிவியல் கற்ற எமது கல்லூரிப் பழைய மாணவர் பலர் இன்று வைத்தியராயும் இரசாயன அறிஞராயும் விளங்குகின்றனர். மேனாட்டார் தம் முற்றத்து வித்தை அளந்து, பிரித்து, சோதித்து மருந்தாக்கினர். எமது இலுப்பையும் அத்தகைய பொறுமையான ஆய்வுக்குக் காத்து நிற்கின்றது. முன்னோர் கைக்கொண்டனர் என்பது ஒன்றே ஒரு பொருளை மருந்தாக்காது. முன்னோருடையது என்பதற்காக அதைத் தள்ளுதலும் அறிவாகாது. அளந்தறிந்து கொள்வதே கற்றோர் கடன்.