கணனியும் கைத்தறியும்: ஒரு மாணவியின் வேலைகளை முன்வைத்து

சென்ற கோடையில் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். அவரது மகள் இங்கு, நோர்வேயில், வடிவமைப்புக் கல்லூரியொன்றில் இரண்டாம் ஆண்டு மாணவி. 'கணனி டிசைன்' என்று சொல்லிச் சேர்ந்தவள் தறியோடும் லினோத் தகட்டோடும் பொழுதைக் கழிக்கிறாள் என்பது நண்பரின் மனக்குறை. "நீர் படிப்பிச்ச ஆள். நீர் சொன்னால் கேட்பாள். எஞ்சினியறிங் பக்கம் மாறச் சொல்லும்" என்றார். நான் படிப்பித்தது பொருளியல். அதுவும் முன்னொரு காலத்தில். இன்று அட்டைப்பெட்டித் தொழிற்சாலையொன்றில் மடிப்பு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறேன். என்றாலும் மறுக்க முடியவில்லை. வருட இறுதிக் கண்காட்சிக்குப் போனேன். மனதை மாற்றச் சென்றவன் அங்கு கண்டதை விளக்க முயல்வதே இக்கட்டுரை. நண்பரும் இச்சஞ்சிகையின் வாசகர்தான். கோபிக்கமாட்டார் என நம்புகிறேன்.

அவளது பிரதான வேலை கறுப்பு வெள்ளைத் துணியொன்று. அம்மம்மா ஊரிலிருந்து எழுதிய நீலநிற விமானக் கடிதமொன்றின் ஒரு பக்கம், மடிப்புக் கோடுகளும் மை கசிந்த இடங்களும் உட்பட, அதில் இருக்கிறது. துணியில் அச்சடிக்கப்படவில்லை, நெய்யப்பட்டிருக்கிறது. கடிதத்தை ஸ்கான் செய்து, புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியையும் பாவும் ஊடும் சந்திக்கும் ஓரிடமாக மாற்றியிருக்கிறாள். நெய்த தறி, நோர்வேயிலேயே தயாராகும் டிசி-2. இதில் பாவு இழைகளைத் தனித்தனியே தூக்குவது கணனியின் கட்டளைப்படி இயங்கும் காற்றுறிஞ்சி. ஊடை நூலைக் கொண்ட நாடாவை எறிவதும், விழுதட்டி இறுக்குவதும் மனிதக் கை. ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை, வரி வரியாக.

கேட்பதற்கு இலகுவாகத் தெரியும். ஆனால் நெசவுக்கு இரண்டே நிலைகள்தான் உண்டு: பாவு மேலே, அல்லது பாவு கீழே. கடிதத்தின் கறுப்பான இடத்தில் கறுத்தப் பாவு முழுவதையும் மேலே விட்டால் என்ன நடக்கும்? இழைகள் எங்கும் கட்டுப்படாமல் நீளமாக மிதக்கும். துணி துணியாக இராது. முதலில் நெய்ததும் அப்படித்தான் ஆயிற்றாம். அதையும் கண்காட்சியில் வைத்திருந்தாள். "கணனியிலை எல்லாம் வடிவாத்தான் இருந்தது மாமா. தறியிலையிருந்து வெட்டி எடுத்த பிறகுதான் தொங்கிச்சுது" என்றாள்.

பிறகு அவள் கண்ட வழி சாட்டின் நெசவு. எட்டு இழைச் சாட்டினில், ஏழு ஊடைகளுக்கு மேலாக ஓடும் பாவு எட்டாவதன் கீழ் போய்க் கட்டுப்படும். பார்வைக்குக் கறுப்பு. அதைத் தலைகீழாக்கினால் வெள்ளை. இடையில் ஆறுக்கு இரண்டு, ஐந்துக்கு மூன்று எனப் படிப்படியாக மாற்றினால் மொத்தம் ஏழு நிறச்சாயல்கள் கிடைக்கும். அம்மம்மாவின் பேனா அழுத்திய இடமும் மெலிந்த இடமும் இந்த ஏழு படிகளுக்குள்தான் அடங்க வேண்டும். எந்த எழுத்தை எந்தப் படியில் வைப்பது என்று தீர்மானிக்க, மாதிரித் துண்டுகளை நெய்து, விரலால் தடவி, இழுத்துப் பார்த்திருக்கிறாள். திரையில் தெரியும் சாம்பல் நிறம் வேறு, நூலில் வரும் சாம்பல் வேறு.

தறிக்கும் கணனிக்கும் உள்ள உறவு புதியதல்ல என்பது இங்கு பலருக்குத் தெரிந்திருக்கும். 1804இல் பிரான்சில் ஜக்கார் உருவாக்கிய தறியில், அட்டையிலிட்ட துளைகளே எந்த இழை உயர வேண்டும் என்பதைத் தீர்மானித்தன. துளையட்டைகளை பாபேஜ் 1830களில் தனது கணிப்பு இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆக, தறி கணனியிடம் கடன்பட்டதை விடக் கணனி தறியிடம் பட்ட கடன் மூத்தது. லியோன் நெசவாளர் அந்தப் புதிய தறியை எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவு கூரவேண்டும்.

நண்பர் கேட்கக்கூடும்: இதற்கு ஏன் ஒரு பட்டப்படிப்பு? ஜேர்மனியில் 1919இல் குரோப்பியஸ் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் கல்லூரி இக்கேள்வியோடுதான் வாழ்ந்தது. கைவினையிலிருந்து தொடங்கிய அக்கல்லூரி 1923அளவில் தொழில்நுட்பத்தின் பக்கம் திரும்பியது. ஆனால் பட்டறையைக் கைவிடவில்லை. அங்கு பெண்களை நெசவுப் பட்டறைக்கே தள்ளிவிட்டார்கள் என்பது அதன் முற்போக்கு முகத்திலுள்ள கறை. விருப்பமின்றி அப்பட்டறைக்குள் போன மாணவி ஒருத்தி, அனி அல்பேர்ஸ், தன் இறுதித் திட்டத்துக்காக பேர்னாவ் தொழிற்சங்கப் பாடசாலை மண்டபத்துக்கு ஒரு சுவர்த்துணி நெய்தார். ஒரு பக்கம் செலோபேன் வெளிச்சத்தைத் தெறிக்கவிட, மறுபக்கம் பருத்தி ஓசையை உறிஞ்சியது. 1930இல் பட்டம் கிடைத்தது. 1933இல் நாசிகளின் நெருக்குதலில் கல்லூரி மூடப்பட, கணவருடன் அமெரிக்காவுக்கு அகதியாகப் போனார். 1949இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சியகத்தில் அவரது நெசவுகள் தனிக் கண்காட்சியாயின. அதே பட்டறையில் பயின்ற ஒற்றி பேர்கருக்கு விசா கிடைக்கவில்லை. 1944இல் அவுஷ்விற்ஸில் கொல்லப்பட்டார். விசாவுக்காகக் காத்திருந்த எமக்கு இவ்விரு வரிகளுக்கிடையேயுள்ள தூரத்தை விளக்கத் தேவையில்லை.

அனியின் கணவர் ஜோசெப் அல்பேர்ஸ் முதலாண்டு மாணவருக்கு வெறும் தாளைக் கொடுத்து, ஒட்டாமல், வீணாக்காமல், வெட்டியும் மடித்தும் உருவம் செய்யச் சொல்வார். அதே பயிற்சி இவளது கல்லூரியிலும் இருக்கிறது. மேசையில் அவள் மடித்த தாள்களைப் பார்த்தபோது எனக்குத் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. தாளுக்கும் அட்டைக்கும் நார் ஓடும் திசையுண்டு. அதன் வழியே மடித்தால் மடிப்பு வழுவழுப்பாக விழும். குறுக்கே மடித்தால் வெடிக்கும். சில வருடங்களுக்கு முன் கணனியில் வரைந்து அனுப்பப்பட்ட ஒரு பெட்டி, மடிப்பில் வெடித்து வெடித்து வந்தது. முதல் நாளே இயந்திரத்தடியில் நின்ற எங்கள் எல்லோருக்கும் காரணம் தெரியும். மேற்பார்வையாளரிடம் சொன்னோம். வடிவமைப்பு எங்கள் வேலையல்ல என்றார். மூன்று வாரங்கள் வெடித்த பெட்டிகளைக் கட்டிக் கழிவுக்கு அனுப்பினோம். இந்தப் பிள்ளைக்கு நாரின் திசை தெரிந்திருந்தது. விரலால் வளைத்துப் பார்த்துச் சொன்னாள்.

லினோ வேலையைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ் எழுத்துக்களைத் தகட்டில் வலம் இடமாகச் செதுக்கி, அச்செடுத்து, அவற்றைக் கணனி எழுத்துருவாக்க முயன்றிருக்கிறாள். ஆகாரக் கால் எல்லா மெய்க்கும் பொது. உகர, ஊகாரங்களோ அப்படியல்ல. பதினெட்டு மெய்களுக்கும் சேர்த்து முப்பத்தாறு வடிவங்களைத் தனித்தனியே வெட்டவேண்டும். பாதியில் நிற்கிறது. எண்பதுகளில் ஐரோப்பாவில் எமது சஞ்சிகைகள் பல கையால் எழுதி, போட்டோக்கொப்பி எடுத்து வெளிவந்தவை என்று சொன்னேன். ஒரு பிரதி கேட்டிருக்கிறாள்.

எம்மிடையே இரு தரப்பு உண்டு. கணனி வந்தபின் கைவேலை வெறும் அலங்காரம் என்பது ஒன்று. கைவேலையே தூய்மையானது, இயந்திரம் கலையைக் கெடுக்கும் என்பது மற்றொன்று. இரண்டாம் தரப்பினரில் பலர் எட்டு மணிநேரம் கையால் வேலை செய்து பார்க்காதவர்கள் என்று சொன்னால் அது என் வயிற்றெரிச்சலாகவும் இருக்கலாம். கைக்கும் திரைக்கும் இடையில் ஒரே ஆள் போய்வர அனுமதிக்கப்படுகிறாரா என்பதே எனக்கு முக்கியமாகப்படுகிறது. அவளுக்கு அந்த அனுமதி இருக்கிறது. எங்கள் மடிப்பு இயந்திரத்தடியில் இல்லை. படித்து முடித்தபின் அவளுக்கும் இருக்குமா என்ற நண்பரின் பயம் நியாயமானது. அதற்கு என்னிடம் பதிலில்லை.

எஞ்சினியறிங் பற்றி நான் அவளிடம் பேசவில்லை. கண்காட்சி முடிந்தபின் துணியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். நண்பர் அதைக் கையிலெடுத்து நெடுநேரம் வாசித்தாராம். பிறகு மறுபுறம் திருப்பிப் பார்த்திருக்கிறார். சாட்டின் நெசவில் முன்பக்கத்துக் கறுப்பு பின்பக்கம் வெள்ளையாக வரும். கறுப்புத் தாளில் வெள்ளை மையால் எழுதியது போல, தாயாரின் கையெழுத்து அங்கும் இருந்திருக்கிறது, வலம் இடமாக.