அச்சில் பிறந்த இமோஜென்

இமோஜென் என்ற பெண்பெயர் அமெரிக்காவில் அரிது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓரளவு புழங்குகிறது. குழந்தைப் பெயர்ப் புத்தகங்களைப் புரட்டினால், கெல்டிய மொழியில் 'பெண்', 'மகள்' என்று பொருள் போட்டிருக்கும். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டால், இந்தப் பெயரின் அருமையான வரலாறு கண்ணில் படாமலே போய்விடும். இது பெரும்பாலும் ஓர் எழுத்துப் பிழையில் பிறந்த பெயர். அதனால் இதன் மதிப்பு சற்றும் குறைந்துவிடவில்லை என்பதே என் கட்சி.

ஆங்கிலத்தில் இந்தப் பெயரை நிலைக்கச் செய்தது ஷேக்ஸ்பியரின் 'சிம்பலைன்'. பிரிட்டன் அரசனின் மகளான அதன் நாயகி, 1623இல், அதாவது ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து அச்சான நாடகத் தொகுப்பில் இமோஜென். ஆனால் 1611இல் நாடகத்தைப் பார்த்த சோதிடர் சைமன் ஃபோர்மன், தம் குறிப்பில் அவளை இன்னோஜென் என்றே எழுதினார். ஷேக்ஸ்பியர் படித்த ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில், பிரிட்டனை நிறுவியதாகக் கருதப்பட்ட புரூட்டின் மனைவியும் இன்னோஜென்தான். இன்னொரு சான்று என்னை அதிகம் ஈர்க்கிறது. 1600இல் அச்சான 'மச் அடூ அபௌட் நத்திங்' மேடைக் குறிப்புகளில் லியோனாட்டோவின் மனைவியாக ஓர் இன்னோஜென் வருகிறாள். அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை. சிம்பலைனில் நாயகியின் கணவன் பெயர் லியோனேட்டஸ். ஷேக்ஸ்பியர் மனத்தில் இரு பெயர்களும் முன்பே ஜோடி சேர்ந்திருந்தன என்று கொள்ள இது போதும்.

பிழை எப்படி நேர்ந்திருக்கும்? அக்காலக் கையெழுத்தில் 'என்' எழுத்துக்கு இரண்டு குட்டைக் கோடுகள். அடுத்தடுத்து இரண்டு 'என்' வந்தால் நான்கு. 'எம்' எழுத்துக்கோ மூன்று. ஒரு கோட்டைத் தவறவிட்டால் இன்னோஜென் இமோஜென் ஆகிவிடும். தொகுப்பு முழுவதும் ஒரே மாதிரி அச்சாகியிருக்கிறதே, பிழையென்றால் ஓரிடத்தில்தானே இருக்கும் என்று கேட்கலாம். பிரதியெடுத்தவர் பெயரை முதலிலேயே தவறாகப் படித்திருந்தால் கடைசிவரை அப்படியேதான் எழுதியிருப்பார். ஃபோர்மன் வரலாற்று நூலின் நினைவில் பெயரை மாற்றி எழுதியிருக்கலாம் என்பதற்கு இடமுண்டு. ஆனால் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் தராசு இன்னோஜென் பக்கமே தாழ்கிறது.

'மகள்' என்ற பொருள், பழைய ஐரிஷ் சொல் ஒன்றோடு உள்ள ஒலி ஒற்றுமையை வைத்துச் சொல்லப்படுவது. ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மவுத் ஜெஃப்ரி எழுதிய பழங்கதையில் புரூட்டின் மனைவி ஒரு கிரேக்க அரசன் மகள். அகராதிப் பொருளை அழுத்திச் சொல்ல அந்த ஒலி ஒற்றுமை போதாது.

அப்படியானால் பிழையான, பொருளும் உறுதியில்லாத பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். வனெஸா என்பது ஜொனாதன் ஸ்விஃப்ட் தம் தோழிக்காகப் புனைந்த பெயர். அதைப் போலி என்று யாரும் ஒதுக்குவதில்லை. ஒரு பெயருக்குப் பொருள் தருபவர்கள் அதைத் தாங்கி வாழ்ந்தவர்கள். அவதூறுக்கு ஆளாகி, ஆண் வேடத்தில் காட்டுவழி நடந்தும் மனம் மாறாத சிம்பலைன் நாடக இளவரசி முதலில் வருகிறாள். பிறகு 1883இல் பிறந்த புகைப்படக் கலைஞர் இமோஜென் கன்னிங்ஹாம். 1907இல் பிறந்த இசையமைப்பாளர் இமோஜென் ஹோல்ஸ்ட். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாசிரியர்கள் நாடகத்தில் இன்னோஜென் என்று திருத்தினார்கள். பிரதியைப் பொறுத்தவரை அவர்கள் செய்தது சரி. அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் பெற்றோர்கள் தங்கள் மகள்களுக்கு இமோஜென் என்றே பெயரிடுகிறார்கள், அதுவும் சரி.